போலந்துக்காரர்களின் ஆங்கிலம்: ஒரே மாதிரியான பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

போலந்துக்காரர் ஆங்கிலம் பேசும்போது 'தி' என்ற சின்னச் சொல் அடிக்கடி காணாமல் போகும். அதைக் கவனிப்பவர்கள் உடனே ஒரு தீர்ப்பும் வைத்திருப்பார்கள்: அவசரத்தில் விழுங்குகிறார், இலக்கணம் ஒழுங்காகப் படிக்கவில்லை, ரஷ்யா பக்கத்து ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். மூன்றுமே தவறு. அவர் தன் தாய்மொழியின் விதிகளை மிக ஒழுங்காகப் பின்பற்றுகிறார், அந்த ஒழுங்குதான் ஆங்கிலத்தில் பிழையாக வெளியே வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டிய நூறு பிழைகள் ஏழெட்டுக் காரணங்களாகச் சுருங்கிவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. போலிஷ் மொழியைச் சுமார் 4 கோடிப் பேர் பேசுகிறார்கள். செக், ஸ்லோவாக் மொழிகளோடு சேர்ந்த மேற்கு ஸ்லாவிய மொழி அது. ரஷ்ய மொழி அதற்குத் தூரத்து உறவு, ஆனால் எழுத்து வேறு. போலிஷ் லத்தீன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளும் உடனடியாகத் தங்கள் வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன, மக்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 6,12,000 பேர் போலிஷ்தான் தங்கள் முதன்மை மொழி என்று சொன்னார்கள். ஆங்கிலமும் வெல்ஷும் போக மற்ற மொழிகளில் அதுதான் முதலிடம். லண்டனிலோ டப்ளினிலோ வேலை பார்க்கும் தமிழருக்கு பக்கத்து மேஜைக்காரர் போலந்துக்காரராக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

கை பழகிய பக்கம்

சென்னையில் பல வருடம் கார் ஓட்டியவர் வார்சாவுக்குப் போய் ஓட்டினால் என்ன ஆகும்? ஓட்டத் தெரியாதவர் அல்ல, நன்றாகவே ஓட்டுவார். ஆனால் அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். கியர் போட இடது கை தானாக நீளும், அங்கே கதவுதான் இருக்கும். சாலையைக் கடக்கும்போது தப்பான பக்கம் பார்ப்பார். பழக்கம் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்கு இந்தத் தடுமாற்றமும் இருக்கும்.

மொழியிலும் இதுவே நடக்கிறது. புது மொழியில் ஒரு வாக்கியம் அமைக்கும்போது, அதற்கான விதி இன்னும் மூளையில் பதியாத இடங்களில், தாய்மொழியின் விதி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்குத் தாய்மொழித் தாக்கம் என்று பெயர். 1957இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ, இரண்டு மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார். போலந்தின் போஸ்னான் பல்கலைக்கழகத்தில் யாட்செக் ஃபிஷாக் தலைமையில் 1960களிலிருந்து போலிஷையும் ஆங்கிலத்தையும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை பெரிய அளவில் நடந்தது.

சுருக்கமாக: விதி தெரியாத இடத்தில் மூளை சும்மா இருப்பதில்லை, தெரிந்த விதியைப் போட்டு நிரப்புகிறது.

காணாமல் போகும் 'தி'

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'ஆன்', 'தி' மூன்றையும் ஆர்ட்டிகிள் என்கிறோம். கேட்பவருக்கு இன்னதென்று தெரிந்த பொருளா, புதிதாகச் சொல்லப்படும் ஏதோ ஒன்றா என்று காட்டுவது அவற்றின் வேலை. போலிஷில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதனால் போலந்துக்காரர்கள் தெரிந்த பொருளையும் தெரியாத பொருளையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது அபத்தம். அவர்கள் அந்த வேறுபாட்டைச் சொல் வரிசையால் காட்டுகிறார்கள்.

'பூனை நுழைந்தது அறைக்குள்' என்ற வரிசையில் போலிஷில் சொன்னால், நமக்குத் தெரிந்த அந்தப் பூனை. 'அறைக்குள் நுழைந்தது பூனை' என்று பூனையைக் கடைசியில் வைத்தால், ஏதோ ஒரு பூனை. புதுச் செய்தி வாக்கியத்தின் முடிவுக்குப் போகும், பழைய செய்தி முன்னால் நிற்கும். பெயர்ச்சொற்கள் ஏழு வேற்றுமைகளில் உருமாறுவதால் சொற்களை இடம் மாற்றினாலும் யார் யாரை என்ன செய்தார் என்பது குழம்பாது, அந்தச் சுதந்திரம்தான் இதைச் சாத்தியமாக்குகிறது.

தமிழருக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. நமக்கும் ஆர்ட்டிகிள் கிடையாது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். நாம் 'ஐ' உருபால் செய்கிற வேலையை அவர்கள் வரிசையால் செய்கிறார்கள், ஆங்கிலேயர் 'தி' போட்டுச் செய்கிறார்கள். ஆகவே 'ஐ பாட் கார் யெஸ்டர்டே' என்று போலந்துக்காரர் சொன்னால், அவர் கருத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அவர் பழகிய மொழியில் அந்த இடத்தில் சொல் எதுவும் வராது, அவ்வளவுதான்.

கொஞ்சம் படித்த பிறகு எதிர்த் திசையில் ஒரு பிழை வரும். 'தி' போடவில்லை என்று திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டவர் எல்லா இடத்திலும் போட ஆரம்பிப்பார்: 'தி லைஃப் இஸ் ஹார்ட்', 'ஐ லவ் தி நேச்சர்'. இதை முன்னேற்றமாகவே பார்க்க வேண்டும், அந்த இடத்தில் ஏதோ ஒரு விதி இருக்கிறது என்று மூளை ஒப்புக்கொண்டுவிட்டது.

காலம், முடிவு, 'சின்ஸ்'

'ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று வர வேண்டிய இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இன்னும் தொடர்கிற செயல் என்பதால் போலிஷில் நிகழ்காலமே போதும், நாமும் 'அஞ்சு வருஷமா இருக்கேன்' என்றுதான் சொல்கிறோம். அப்புறம் 'சின்ஸ்', 'ஃபார்', 'ஃப்ரம்' மூன்றும் செய்கிற வேலையைப் போலிஷில் 'ஓத்' என்ற ஒரே சொல் பார்த்துக்கொள்ளும். எதை எடுப்பது என்று தெரியாமல் 'சின்ஸ்' கைக்கு வருகிறது.

இன்னொரு ஆழமான காரணமும் உண்டு. போலிஷ் வினைச்சொற்கள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும்: ஒன்று நடந்துகொண்டிருந்த அல்லது வழக்கமான செயலுக்கு, இன்னொன்று முடிந்துபோன செயலுக்கு. 'பிசாச்' என்றால் எழுதுவது, 'நபிசாச்' என்றால் எழுதி முடிப்பது. செயல் முடிந்ததா இல்லையா என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுவதால், 'ஹேவ் ரிட்டன்', 'ஹேட் ரிட்டன்', 'வாஸ் ரைட்டிங்' போன்ற அடுக்குகள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றோடு வேலை நடந்துவிடும். 'ஹேவ் ரிட்டன்' போல வரும் ஆங்கிலத்தின் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' அவர்களை ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு இதுதான் விடை.

'வென் ஐ வில் கம் ஹோம், ஐ வில் கால் யூ' என்பதும் இங்கேயே சேரும். வரப்போவது எதிர்காலத்தில்தானே, ஆகவே போலிஷில் இரண்டு பக்கமும் எதிர்காலம். தர்க்கமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி, ஆங்கிலம்தான் வினோதமாக முதல் பாதியில் நிகழ்காலத்தைக் கேட்கிறது.

சுருக்கமாக: ஆர்ட்டிகிளும் காலமும் போலிஷில் இல்லாத கருத்துகள் அல்ல, வேறு கருவிகளால் காட்டப்படுபவை. கருவி மாறும் இடத்தில் பிழை வருகிறது.

இல்லைக்கு மேல் இல்லை, எழுவாய் இல்லாத வாக்கியம்

'யாருக்கும் ஒன்றும் தெரியாது' என்பதைப் போலிஷில் 'நிக்ட் நிட்ஸ் நியே வியே' என்பார்கள். முதல் மூன்று சொற்களும் எதிர்மறை, மூன்றும் கட்டாயம். அதைப் பழகியவர் 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை என்பது கணக்குப் பாடம், எல்லா மொழிகளுக்கும் பொருந்தும் விதி இல்லை. தமிழர் இந்தப் பிழையை அவ்வளவாகச் செய்வதில்லை, நமக்கு எதிர்மறை வினையில் மட்டும்தான்.

'இஸ் கோல்ட் டுடே' என்று 'இட்' இல்லாமல் சொல்வது வேறு கதை. போலிஷில் வினையின் விகுதியே யார் என்று காட்டிவிடும், 'வந்தேன்' என்றால் 'நான்' தேவையில்லாத மாதிரி. குளிர், மழை என்று எழுவாயே இல்லாத இடத்தில் வெறுமனே ஒரு 'இட்' போடச் சொல்வது அவர்களுக்குப் பொருளற்றதாகத் தெரிகிறது. கேள்வியிலும் அப்படித்தான். சாதாரண வாக்கியத்தின் முன்னால் 'ச்சி' என்ற சொல்லைப் போட்டால் அது கேள்வி, அதையும் பேச்சில் விட்டுவிடலாம். அதனால் 'டூ' இல்லாமல் 'யூ லைக் காஃபி?' வருகிறது.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து உறவு காட்டும் 'இன்', 'ஆன்', 'ஃப்ரம்' போன்ற சொற்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 'டிபெண்ட்ஸ் ஃப்ரம்', 'ஆன் தி போட்டோ', 'மேரீட் வித்', 'எக்ஸ்பிளெய்ன் மீ', 'லிசன் மியூசிக்' எல்லாமே போலிஷ் அமைப்பை அப்படியே எடுத்து வைத்தவை. இவற்றுக்குப் பின்னால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

போலி நண்பர்கள்

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களைப் போலி நண்பர்கள் என்கிறார்கள். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர், நமக்கு அது ஊரையே மூழ்கடிப்பது. போலிஷும் ஆங்கிலமும் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஏராளமாகச் சொற்களை எடுத்துக்கொண்டன, எடுத்த பிறகு அவரவர் வழியில் பொருள் மாறியது. பிழை செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல், முழு நம்பிக்கையோடு சொல்லப்படுவதால் என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வகை.

'அக்துவால்னியே' என்றால் தற்போது. அதை 'ஆக்சுவலி' என்று மாற்றிவிடுவார்கள். 'ஆக்சுவலி ஐ ஒர்க் இன் எ பேங்க்' என்று அவர் சொன்னால் நீங்கள் சொன்னதை மறுக்கிறார் என்று நினைக்காதீர்கள், இப்போது வங்கியில் வேலை பார்க்கிறேன் என்கிறார். 'எவென்துவால்னியே' என்றால் தேவைப்பட்டால், முடிந்தால். 'ஈவென்ச்சுவலி' என்றால் கடைசியில் நிச்சயமாக நடக்கும் என்று பொருள். 'ஈவென்ச்சுவலி வீ கேன் பே மோர்' என்று ஒரு வியாபாரக் கடிதத்தில் எழுதியிருந்தால், எழுதியவர் அவசியமானால் யோசிக்கலாம் என்கிறார், படிப்பவர் பணம் உறுதி என்று எடுத்துக்கொள்வார்.

'பென்ஸ்யா' என்பது சம்பளம், ஓய்வூதியம் அல்ல. 'ரெட்செப்தா' மருத்துவர் எழுதித்தரும் மருந்துச் சீட்டு, அதை ரசீதுக்கான 'ரிசீட்' என்று சொல்லிக் கேட்டால் மருந்துக்கடையில் குழப்பம்தான். 'ஃபாப்ரிகா' தொழிற்சாலை, ஆங்கிலத்தில் 'ஃபேப்ரிக்' துணி. 'ஓர்தினார்னி' என்றால் கொச்சையான, அநாகரிகமான என்று பொருள், ஆகவே ஒரு போலந்துக்காரரை 'ஆர்டினரி' என்று நீங்கள் சொன்னால் அவர் முகம் மாறலாம். 'ப்ரெஸெர்வாதிவா' என்றால் ஆணுறை. சாப்பாட்டில் 'ப்ரிசர்வேட்டிவ்' இருக்கிறதா என்ற கேள்வியை முதல் தடவை கேட்கிற போலந்துக்காரர் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

கை, கால், எட்டு மணி, பில்லியன்

போலிஷில் கை முழுவதற்கும் ஒரே சொல், தோளிலிருந்து விரல்வரை. காலுக்கும் அப்படியே. விரல் என்ற சொல் கைக்கும் காலுக்கும் பொது. தமிழும் இதேதான். அதனால் பாதம் வலிக்கும்போது 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று மருத்துவரிடம் சொல்வது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான பிழை. கடன் விஷயத்தில் மட்டும் நாம் தப்பித்தோம்: நமக்கு வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. போலிஷில் இரண்டுக்கும் ஒரே வினை, ஆகவே 'கேன் யூ பாரோ மீ டென் பவுண்ட்ஸ்?'

நேரம் சொல்வதில் வரும் குழப்பத்தைப் பிரிட்டனில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழரை மணியைப் போலிஷில் 'எட்டுக்குப் பாதி' என்ற பொருளில் சொல்வார்கள். ஆங்கிலேயர் பேச்சில் 'ஹாஃப் எய்ட்' என்றால் எட்டரை. முழுசாக ஒரு மணி நேர வித்தியாசம்.

எண்களில் வித்தியாசம் ஆயிரம் மடங்கு. ஆங்கிலத்தில் பில்லியன் என்பது நூறு கோடி. போலிஷில் நூறு கோடிக்கு 'மில்லியார்ட்' என்று பெயர், 'பிலியோன்' என்றால் லட்சம் கோடி. செய்தியையோ கணக்கையோ மொழிபெயர்ப்பவர் இதில் அசந்தால் ஒரு நாட்டின் பட்ஜெட்டே மாறிப்போகும்.

சுருக்கமாக: இலக்கணப் பிழை பெரும்பாலும் காதுக்கு உறுத்தும், பொருள் புரிந்துவிடும். சொல்லில் வரும் பிழை காதுக்கு உறுத்தாது, பொருளைக் கவிழ்த்துவிடும்.

வாயும் பேனாவும்

போலிஷில் சொல்லின் கடைசியில் வரும் அதிர்வுள்ள மெய் அதிர்வை இழக்கும். நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முடிவில் 'மங்கை'யில் வரும் க ஒலி இருக்க வேண்டும், அவர்கள் வாயில் 'பக்கம்' என்பதில் வரும் க வந்துவிடும். அப்புறம் குறில், நெடில். 'கல்', 'கால்' என்று நீளத்தால் பொருள் மாறும் வழக்கம் போலிஷில் இல்லை, ஆகவே 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் பிரிக்கச் சிரமம். 'திங்க்' என்பதன் முதல் ஒலி அவர்களுக்கு இல்லை, 'சிங்க்' அல்லது 'ஃபிங்க்' ஆகும். போலிஷ் சொற்களில் அழுத்தம் கிட்டத்தட்ட எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். 'கம்ஃபர்ட்டபிள்' என்ற சொல் 'கம்ஃபர்-டேபிள்' ஆகி உள்ளே ஒரு மேஜை முளைப்பது அதனால்தான். மெய்யெழுத்துக் கூட்டங்கள் மட்டும் அவர்களைப் பயமுறுத்தாது, ஷ்செச்சின் என்று ஒரு ஊர்ப் பெயரையே வைத்திருப்பவர்கள்.

உச்சரிப்பை வைத்து ஒருவரின் ஆங்கிலத்தை எடைபோடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு ஜோசப் கான்ராட் போதும். 1857இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர், இருபது வயதுக்குப் பிறகுதான் ஆங்கிலம் கற்றார், ஆங்கில நாவல் உலகின் முதல் வரிசையில் இடம்பிடித்தார். பேச்சில் போலிஷ் வாடை கடைசிவரை போகவில்லை.

எழுத்தில் போலந்துக்காரரைக் காட்டிக்கொடுப்பது காற்புள்ளி. 'என்று' என்ற பொருளில் வரும் சொல்லுக்கு முன் போலிஷில் காற்புள்ளி கட்டாயம், ஆகவே ஆங்கிலத்திலும் 'ஐ திங்க்' என்று எழுதிக் காற்புள்ளி வைத்துத்தான் 'தட்' என்பதற்குப் போவார்கள். மாதங்கள், கிழமைகள், மொழிகளின் பெயர்களுக்குச் சின்ன எழுத்து போடுவார்கள். ஆனால் கடிதத்தில் 'யூ' என்பதை மரியாதைக்காகப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். அதைத் திருத்தும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும், எதிரே இருப்பவருக்குக் கொடுக்கிற மதிப்பு அது.

முரட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள்

போலந்துக்காரர் மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்ற புகார் பிரிட்டனில் சகஜம். போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மொழியியலாளர் அன்னா வியெஜ்பிட்ஸ்கா 1985இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் வேண்டுகோளைக் கேள்வியாக மாற்றினால்தான் பணிவு: 'குட் யூ பாஸ் தி சால்ட்?' போலிஷில் நேரடி ஏவலிலேயே அன்பும் பணிவும் இருக்கும். 'அண்ணா, ஒரு டீ குடுங்க' என்று கேட்பதில் நமக்கு என்ன அதிகாரம் தெரிகிறது? மரியாதை 'ங்க'வில் இருக்கிறது. போலிஷில் அது ஐயா, அம்மா என்ற பொருள் தரும் 'பான்', 'பானி' என்ற அழைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான், மரியாதையைக் கட்டித் தொங்கவிட இடமே இல்லாமல் போய், ஏவல் மட்டும் தனியாகத் தெரிகிறது. சிலர் அதை ஈடுகட்ட 'மிஸ்டர் மாரெக்' என்று முதற்பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போடுவார்கள். பொருளை நீட்டும்போது 'ப்ளீஸ்' என்பார்கள், 'இந்தாங்க' என்பதற்கும் 'தயவுசெய்து' என்பதற்கும் அவர்களிடம் 'ப்ரோஷே' என்ற ஒரே சொல்தான்.

எல்லாப் பழியும் தாய்மொழிக்கு இல்லை

லாடோவின் கணிப்பு எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. 'ஹி ஒர்க்' என்று கடைசி 'ஸ்' விட்டுப்போகும் பிழையைப் பாருங்கள். போலிஷில் நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் ஆறுக்கும் வினை உருமாறும். ஆறு விகுதிகளைக் குழந்தையிலிருந்தே சரியாகப் போட்டவர்களுக்கு ஆங்கிலத்தின் ஒற்றை 'ஸ்' எம்மாத்திரம்? ஆனாலும் விடுகிறார்கள். சீனர், ஸ்பானியர், தமிழர் எல்லாருமே விடுகிறோம். தாய்மொழி எதுவானாலும் கற்கிற எல்லாரும் கடக்கிற படி அது.

1972இல் மொழியியலாளர் லாரி செலிங்கர் இதை விளக்க ஒரு கருத்தைக் கொண்டுவந்தார்: கற்பவர் பேசுவது தாய்மொழியும் அல்ல, இலக்கு மொழியும் அல்ல, தனக்கென விதிகள் உள்ள ஒரு இடைமொழி. அது நகர்ந்துகொண்டே இருக்கும், சில இடங்களில் மட்டும் அப்படியே நின்றுவிடும். அதற்கு உறைதல் என்று பெயர். எது உறையும், எது உறையாது என்பதில் கேட்பவருக்கும் பங்கு இருக்கிறது. 'ஹாஃப் எய்ட்' தப்பாகப் போனால் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து குளிரில் நிற்பார், அந்தப் பிழை ஒரே நாளில் திருந்திவிடும். 'தி' இல்லாமல் பேசினால் எதிரே இருப்பவருக்கு எல்லாமே புரிந்துவிடுகிறது, யாரும் நிறுத்தித் திருத்துவதுமில்லை. லண்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்து, காலங்களையும் கேள்விகளையும் சரளமாகப் பேசுகிற போலந்துக்காரரிடம் 'தி' மட்டும் இன்னும் விட்டுப்போவது இதனால்தான்.